குழந்தைகளுக்குத் தோட்டம் அமைத்தவர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாள்தோறும் சொல்கிறோம். நம் தம்பி தங்கையரை அந்த வகுப்புகளில்தான் கொண்டுபோய் விடுகிறோம். நாமும் ஒரு காலத்தில் அங்கே அழுதுகொண்டே நுழைந்தவர்கள்தாம். ஆனால் கே.ஜி. என்ற இரண்டு எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? கிண்டர்கார்ட்டன் என்னும் ஜெர்மன் சொல்லின் சுருக்கமே அது. கிண்டர் என்றால் குழந்தைகள். கார்ட்டன் என்றால் தோட்டம். இந்த அழகிய பெயரை உலகுக்கு அளித்தவர் பிரெடரிக் பிரோபெல் என்னும் பெருந்தகை.

அவரைப் பற்றி நாங்கள் அறிந்துகொள்ள நேர்ந்ததே ஒரு தனிக் கதை. எங்கள் பள்ளியில் மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரொட்டி சுடும் நாள். உதவிக்குப் பெரிய வகுப்பு மாணவியர் செல்ல வேண்டும். இவ்வாண்டு எங்கள் முறை வந்தபோது நாங்கள் முகம் சுளித்தோம். அரசுத் தேர்வு எழுதப் போகும் எங்களுக்கு மாவு பிசையும் வேலையா என்று முணுமுணுத்தோம். பெற்றோரில் சிலரும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்காமல் மாவிலும் மண்ணிலும் பொழுதைக் கழிக்க விடுகிறார்களே என்று குறைபட்டுக் கொண்டதை நாங்கள் அறிவோம்.

அன்று மாவைச் சலித்துக்கொண்டே குழந்தைகளிடம் ரொட்டி எங்கிருந்து வருகிறது என்று வேடிக்கையாகக் கேட்டோம். கடையிலிருந்து என்றார்கள். கடைக்கு எப்படி வந்தது என்றோம். வண்டியில் வந்தது என்றார்கள். வண்டிக்கு எப்படி வந்தது என்றபோது அவர்களுக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. ஒரு சிறுமி கோதுமைச் செடி எப்படி இருக்கும் என்று எங்களைத் திருப்பிக் கேட்டுவிட்டாள். எங்களில் ஒருத்தியும் அதைக் கண்டதில்லை! ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இதைக் கவனித்துக் கொண்டிருந்த அருட்சகோதரி அவர்கள், இதே கேள்வியைக் குழந்தைகளுக்கான பாட்டாக்கிய ஒருவர் இருந்தார் என்றும், அவருடைய வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டும் என்றும் எங்களுக்குச் சொன்னார்கள். அப்படித் தேடிப் படித்ததையே இங்கே தருகிறோம்.

தாயை இழந்த பிள்ளை

ஜெர்மனியின் நடுப்பகுதியில் துரிங்கியா என்னும் காடும் மலையும் சூழ்ந்த நிலப்பகுதி உள்ளது. அங்கே ஓபர்வைஸ்பாக் என்ற சிற்றூரில் 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிரோபெல் பிறந்தார். தந்தையார் லூத்தரன் திருச்சபைப் போதகர். பல சிற்றூர்களில் சிதறி வாழ்ந்த ஆயிரக்கணக்கான மக்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்ததால் வீட்டில் தங்க நேரமில்லை. பிரோபெல் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது அன்னையார் காலமானார்.

நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணிப் பருவம் என்பார்கள். குழந்தை இரு கைகளையும் சேர்த்துக் கொட்டி விளையாடும் பருவம் அது. தாய் எதிரே அமர்ந்து கைகொட்டச் சொல்லி மகிழ்வாள். அந்தப் பருவத்தில் பிரோபெலுக்குத் தாய் இல்லாமற் போயிற்று. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

சில ஆண்டுகளில் தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னை தொடக்கத்தில் அன்பு காட்டினார். தமக்கென்று ஒரு மகன் பிறந்ததும் அந்த அன்பு மாறிப்போயிற்று. உரிமையோடு நீ என்று அழைத்து வந்தவர், வேற்று மனிதரிடம் பேசுவதைப்போல் பேசத் தொடங்கினார். சிறுவனின் உள்ளம் வாடியது. வீட்டைச் சுற்றி மதிலும் வேலியும் இருந்தன. வெளியே தெரிந்தது வானம் ஒன்றுதான். ஆறுதலாக இருந்தது வீட்டுத் தோட்டம். தந்தையாரோடு சேர்ந்து களை பிடுங்கி, பாத்தி கட்டி, செடிகளைப் பார்த்துக் கொண்டிருப்பதே அவருடைய பொழுதாயிற்று.

எங்களுக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. பிரோபெல் முதன்முதலில் படித்தது பெண்கள் பள்ளியில்! தந்தையார் தம் மகனை ஊரிலிருந்த ஆண்கள் பள்ளிக்கு அனுப்பாமல் பெண்கள் பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கே அமைதியும் ஒழுங்கும் இருந்தன. மாணவியர் கற்ற ஞானப்பாடல்கள் அந்தச் சிறுவனின் மனத்தில் ஆழமாகப் பதிந்தன.

ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் கிறிஸ்டோப், ஹேசல் என்னும் கொட்டை மரத்தின் மொட்டில் இருந்த மெல்லிய செந்நிற இழைகளைத் தம்பிக்குக் காட்டி, அவை எதற்காக என்று விளக்கினார். ஒரு சின்னஞ்சிறு பூவுக்குள் இத்தனை ஒழுங்கு இருக்கிறதே என்று சிறுவன் மலைத்துப்போனான். கேட்ட கேள்விக்கு அன்போடு விடை சொல்ல ஒரு மூத்தவர் இருந்தால் போதும், குழந்தையின் கண் திறந்துவிடும். இதை அவர் அன்றே உணர்ந்தார்.

பத்து வயதில் தாய்மாமன் அவரை ஸ்டாட்இல்ம் என்ற ஊருக்குத் தம்மோடு அழைத்துச் சென்றார். அங்கே ஐந்து ஆண்டுகள் அன்பும் விடுதலையும் கிடைத்தன. 1797இல், எங்கள் வயதாகிய பதினைந்தில், வன அலுவலர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அவரோ கற்றுத்தர நேரமில்லாதவர். பிரோபெல் காட்டில் தனியே திரிந்தும், செடிகொடிகளைப் பற்றிய நூல்களை இரவல் வாங்கிப் படித்தும் தாமே கற்றுக்கொண்டார். பிறகு ஜேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சாப்பாட்டுக் கடனைத் தீர்க்க முடியாமல் பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரம் இருக்க நேர்ந்தது. உணவின் அருமையை அவர் பட்டே அறிந்தவர்.

ஆசிரியரானார்

1805ஆம் ஆண்டு கட்டடக் கலை பயில எண்ணி பிராங்பர்ட் நகருக்குச் சென்றார். அங்கே குரூனர் என்பவர் நடத்திய மாதிரிப் பள்ளியில் ஆசிரியராகும்படி அழைத்தார்கள். வகுப்பில் நுழைந்த அன்றே தமக்கேற்ற பணி இதுவே என்று கண்டுகொண்டார். சுவிட்சர்லாந்தில் இவர்டன் என்ற இடத்தில் புகழ்பெற்ற கல்வியாளர் பெஸ்டலாஜியின் பள்ளி இருந்தது. அங்கே சென்று பார்த்தார். பின்னர் 1808 முதல் 1810 வரை அங்கேயே தங்கியும் கற்றார்.

இடையில், செல்வர் ஒருவரின் மூன்று மைந்தர்களுக்கு வீட்டாசிரியராக இருந்தார். அப்போது சிறுவர்களின் தந்தை தோட்டம் போடுவதற்காகச் சிறு நிலம் ஒன்றைக் கொடுத்தார். ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து கொத்தினார்கள், விதைத்தார்கள். விளைந்ததைப் பறித்துப் பெற்றோரின் கையில் கொடுத்தபோது பிள்ளைகளின் முகத்தில் கண்ட மகிழ்ச்சியைப் பிரோபெல் என்றும் மறக்கவில்லை. பிற்காலத்தில் அவர் அமைத்த தோட்டங்களுக்கெல்லாம் விதை அங்கேதான் ஊன்றப்பட்டது.

1813இல் நெப்போலியனை எதிர்த்து நடந்த போரில் தொண்டராகச் சேர்ந்தார். அங்கே மிடன்டார்ப், லாங்கேதால் என்னும் இரண்டு இளைஞர்கள் அவருக்கு வாழ்நாள் நண்பர்களாக வாய்த்தனர். அதே ஆண்டில் அன்பு அண்ணன் கிறிஸ்டோப் தொற்றுக் காய்ச்சலால் இறந்துபோனார். தந்தையை இழந்த பிள்ளைகளின் முகம் பிரோபெலின் மனக்கண்ணை விட்டு அகலவில்லை. பெர்லினில் கனிமக் காட்சிசாலையில் பார்த்து வந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, 1816இல் கிரீஷைம் என்ற சிற்றூரில் தம் அண்ணன்மாரின் ஐந்து பிள்ளைகளை வைத்துப் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு பள்ளி கைல்ஹவ் என்னும் மலையடிவார ஊருக்கு மாறியது.

1818இல் வில்ஹெல்மினா என்ற பெர்லின் நகரப் பெண்மணியை மணந்தார். வசதியான வீட்டில் பிறந்த அந்த அம்மையார் வறுமை நிறைந்த அப்பள்ளிக்குத் தாயாக வந்து சேர்ந்தார். 1826இல் மனிதனின் கல்வி என்ற தம் முதன்மையான நூலைப் பிரோபெல் வெளியிட்டார். ஆனால் அரசின் சந்தேகப் பார்வை பள்ளியின்மேல் விழுந்தது. பெற்றோர் அஞ்சிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டனர். அறுபதை நெருங்கியிருந்த மாணவர் தொகை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. மனம் தளராமல் சுவிட்சர்லாந்து சென்று பணியாற்றினார். 1835இல் பர்க்டார்ப் நகரில் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். பள்ளிக்கு வருமுன் உள்ள வயதில் குழந்தைகள் கவனிப்பார் இன்றி இருப்பதை அங்கே கண்டு வருந்தினார். ஆறு வயதுக்கு மேல் கற்பிப்பது மட்டும் போதாது, வேரிலேயே நீர் ஊற்ற வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

தோட்டம் பிறந்தது

1837இல் தாயகம் திரும்பிப் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் மனைவியார் மறைந்தார். துயரத்தின் நடுவிலும் பணி நிற்கவில்லை. நிலையத்துக்கு என்ன பெயர் சூட்டுவது என்று நெடுநாள் யோசித்தவருக்கு, 1840இல் நண்பர்களோடு மலைவழியே நடந்து வரும்போது சட்டென்று பெயர் தோன்றியது. அதுதான் கிண்டர்கார்ட்டன். அவ்வாண்டு ஜூன் 28ஆம் நாள் அப்பெயர் முறையாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 58. பலரும் ஓய்வை எண்ணும் வயது!

பெயரில் மட்டும் தோட்டம் இருக்கவில்லை. உண்மையாகவே தோட்டம் இருந்தது. நடுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி. அதில் குழந்தை தான் விரும்பியதை நடலாம். அடையாளத்துக்குப் பெயர் எழுதிய குச்சி ஊன்றப்பட்டிருக்கும். அவற்றைச் சூழ்ந்து எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். அங்கே பூக்களும், காய்கறியும் தானியமுமாகிய உணவுப் பயிர்களும் வளரும். தன்னுடையதைக் கவனித்த பிறகு பொதுவானதையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடிவிடும். இந்தப் பாடத்தைச் செடி சொல்வதுபோல் எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது.

விளையாட்டே குழந்தையின் வேலை என்பது அவர் கொள்கை. வண்ண நூற்பந்துகள், மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம் ஆகியவற்றை முறைப்படி அமைத்து அவற்றைப் பரிசுகள் என்று அழைத்தார். காகித மடிப்பு, பின்னல், களிமண் உருவங்கள் என்று கைவேலைகளையும் வகுத்தார். ஊறவைத்த பட்டாணியில் மெல்லிய குச்சிகளைச் செருகி வீடு, நாற்காலி செய்வதும் அவற்றுள் ஒன்று.

ரொட்டிப் பாட்டு

1844இல் தாய்மார்களுக்காக அவர் ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். தாய் குழந்தையின் கைகால்களை அசைத்து விளையாட்டுக் காட்டும்போது பாட வேண்டிய பாட்டுகளும் படங்களும் விளக்கங்களும் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்றுதான் அருட்சகோதரி அவர்கள் எங்களுக்குச் சொன்ன பாட்டு. தாய் குழந்தையின் இரு கைகளையும் சேர்த்துத் தட்ட வேண்டும். மாவைத் தட்டிப் பணியாரம் செய்வதுபோல் அந்தக் கைகள் ஆடும். பிறகு அதை அடுப்பில் சுடுவதற்காக ரொட்டிக்காரரிடம் கொடுப்பதாகப் பாவனை.

இந்தச் சிறு விளையாட்டில் அவர் கண்ட பொருள் பெரிது. குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் ஒரு துண்டு ரொட்டிக்குப் பின்னால் நீண்ட சங்கிலி ஒன்று இருக்கிறது. மாவு அரைப்பவர் மாவு தராவிட்டால் ரொட்டிக்காரரின் அடுப்புக்கு வேலையில்லை. உழவர் தானியம் தராவிட்டால் மாவு ஆலைக்கு வேலையில்லை. நிலம் விளையாவிட்டால் உழவர் என்ன செய்வார்? மழையும் வெயிலும் காற்றும் பருவந்தோறும் ஒத்துழைக்காவிட்டால் நிலம்தான் என்ன செய்யும்? இவை அனைத்தையும் இயக்குபவர் இறைவன். குழந்தைக்கு இதை உபதேசமாகச் சொன்னால் புரியாது. கைதட்டி விளையாடும்போதும், பின்னர் சற்று வளர்ந்து தானே மாவைத் தொடும்போதும் ஒவ்வொரு கண்ணியாக அது புரியும். நன்றி சொல்லும் பழக்கமும் தானே வரும்.

சப்பாணிப் பருவத்தில் தாயை இழந்த பிள்ளை, தம் 62ஆம் வயதில், உலகத்துத் தாய்மாருக்கெல்லாம் சப்பாணி கொட்டக் கற்றுக் கொடுத்தார்! தமக்குக் கிடைக்காத ஒன்றை எண்ணி ஏங்கிக் கொண்டிருப்பவர் பலர். அதைப் பிறருக்குக் கிடைக்கச் செய்பவர் சிலரே. இதைப் படித்தபோது எங்கள் கண்கள் கலங்கின.

தடையும் மறைவும்

சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணிக்குப் பெண்களே மிகவும் ஏற்றவர்கள் என்று பிரோபெல் கருதினார். இளம்பெண்களுக்கு முறையான பயிற்சியும் அளித்தார். அவரிடம் பயின்ற ஈடா சீலே என்ற பெண்ணே முதல் கிண்டர்கார்ட்டன் ஆசிரியை என்று போற்றப்படுகிறார். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து தொழில் செய்வதைப் பலர் ஏற்காத காலம் அது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1849இல் லீபன்ஸ்டைன் என்ற ஊரில் தங்கியிருந்தார். நரைத்த தலையோடு கிராமத்துப் பிள்ளைகளுடன் ஓடியாடிப் பாடும் அவரை ஊரார் கிழட்டுப் பைத்தியம் என்று ஏளனம் செய்தார்கள். அங்கே ஓய்வுக்கு வந்திருந்த மாரன்ஹோல்ட்ஸ் சீமாட்டி அவரை நேரில் கண்டு பேசினார். ஊரார் பைத்தியம் என்றவரிடம் பேரறிஞர் ஒருவரைக் கண்டார். அன்று முதல் அவருடைய கொள்கைகளைப் பரப்புவதையே தம் வாழ்வின் பணியாக ஏற்றார்.

பணி தழைக்கத் தொடங்கிய வேளையில் பேரிடி விழுந்தது. 1851 ஆகஸ்டு 7ஆம் நாள் பிரஷ்ய அரசு தன் நாட்டில் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. அவை கடவுள் மறுப்பையும் பொதுவுடைமையையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. பெண்களின் உயர்கல்வியையும் கிண்டர்கார்ட்டனையும் பற்றி நூல் எழுதியவர் அவருடைய அண்ணன் மகன் கார்ல் பிரோபெல். அரசு பெயர் குழம்பிப் பெரியவரின்மேல் பழி சுமத்தியது. ஒரு துண்டு ரொட்டியிலும் இறைவனைக் காணக் கற்பித்தவர்மேல் கடவுள் மறுப்புப் பழி! தவறு என்று விளக்கி எழுதிப் பார்த்தார். தடை நீங்கவில்லை. 1852 ஜூன் 21ஆம் நாள் மரியந்தால் என்னுமிடத்தில், 70 வயதில், பிரோபெல் கண்மூடினார். ஷ்வைனா என்ற ஊரிலுள்ள அவர் கல்லறையின்மேல் கனசதுரம், உருளை, உருண்டை ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. குழந்தைகளின் விளையாட்டுப் பொருளே ஒரு மாமனிதரின் நினைவுச் சின்னமாயிற்று.

தடை 1860இல் நீங்கியது. அதற்குள் விதை கடல் கடந்திருந்தது. 1856இல் மார்கரெத் ஷுர்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் தம் வீட்டிலேயே கிண்டர்கார்ட்டன் தொடங்கினார். பிரோபெலின் உறவினரும் மாணவியுமான ஹென்ரியெட்டா அம்மையார் 1874இல் பெர்லினில் அமைத்த நிலையத்தில், குழந்தைகள் இயற்கையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மாதம் முழுவதும் அதைப் பற்றியே கற்றார்கள். தோட்ட வேலையோடு சமையலறையின் சிறு சிறு வேலைகளும் அங்கே பாடமாயின. அரசாணை நிறுத்த நினைத்ததைப் பெண்கள் நிற்கவிடவில்லை.

நாங்கள் கற்றது

பிரோபெலின் வரலாற்றைப் படித்த பிறகு வந்த ரொட்டி நாளில் நாங்கள் முணுமுணுக்கவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பே முழுக் கோதுமையை ஊறவைத்துக் குழந்தைகளோடு சேர்ந்து மண்தொட்டிகளில் விதைத்தோம். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பெயர்க்குச்சி. பச்சைப் புல்போல் அது சாண் உயரம் வளர்ந்து நின்றபோது, கேள்வி கேட்ட அந்தச் சிறுமி மட்டுமல்ல, நாங்களும் முதன்முறையாகக் கோதுமைச் செடியைப் பார்த்தோம்.

ரொட்டி நாளன்று ஒரு பிடி கோதுமையைத் திருகையில் இட்டு ஆளுக்கொரு சுற்றுச் சுற்றினோம். வெதுவெதுப்பான நீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து மாவைப் பிசைந்து ஈரத்துணியால் மூடி வைத்தோம். ஈஸ்ட் ஓர் உயிர் என்றும், அது சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகிறது என்றும், அந்த வாயுதான் மாவைக் குமிழியிட்டு உப்பச் செய்கிறது என்றும் எளிமையாகச் சொன்னோம். ஒரு மணி நேரம் கழித்துத் துணியை நீக்கியபோது மாவு இரு மடங்காகியிருந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எங்களுக்குப் பிரோபெலை நினைவூட்டியது. அன்று சுட்ட ரொட்டியில் ஒரு துணுக்கைக்கூட எவரும் கீழே போடவில்லை. அனுதினமும் அப்பத்துக்காக வேண்டிக்கொள்ளும் நமக்கு, அந்த அப்பம் எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்பது அன்றுதான் விளங்கியது.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் குழந்தை மாவு படிந்த உடையோடு வீடு திரும்பினால் கோபிக்க வேண்டாம். அது பாழான பொழுது அன்று. வீட்டிலும் இட்லிக்கு அரிசி ஊறப்போடும்போது ஒரு பிடியை அதன் கையில் கொடுங்கள். நெல் எங்கே விளைகிறது என்று கேட்டால் சற்று நின்று பதில் சொல்லுங்கள். ஹேசல் மொட்டைக் காட்டிய அண்ணனைப்போல் நீங்களும் ஆவீர்கள்.

தோழியரே, நம்மில் பலர் நாளை ஆசிரியையராகவும் அன்னையராகவும் ஆவோம். பிள்ளைகளைப் பாத்தியில் நட்ட பயிர்போல் பொறுமையோடு வளர்க்கச் சொன்ன அந்த முதியவரை அன்று மறவாதிருப்போம். எல்.கே.ஜி. என்று இனி எங்கே எழுதக் கண்டாலும், அந்த எழுத்துகளுக்குள் ஒரு தோட்டம் இருப்பதையும், தாயில்லாப் பிள்ளை ஒருவர் அதற்கு நீரூற்றிக் கொண்டிருப்பதையும் நாம் காண்போமாக!